வேலியோரப் புளிப்புக்கு முதல் வாழ்த்து

எங்கள் ஹெம்புரூக் ஊராட்சியின் தலைவியும், இந்த மன்றத்தின் சாவியைக் கழுத்துச் சங்கிலியில் கோத்துக் காக்கும் காவல் தெய்வமுமான ரோசலிண்ட் க்ளட்டர்பக் அம்மையார் அவர்களே! பக்தியையும் பகடியையும் ஒரே நாக்கில் வைத்திருக்கும் போதகர் அருள்திரு ஃபென் அவர்களே! செவெர்ன் ஆற்றுச் சேற்றைக் காலணியோடு கொண்டுவந்து, நேற்று நான் துடைத்த தரையில் அழகாகப் பரப்பி அமர்ந்திருக்கும் பெரியோர்களே! சுட்ட பன்றி இறைச்சியும் பாலாடைக்கட்டியும் பழக்கேக்கும் சுமந்து வந்து, எங்கள் வயிற்றையும் வாழ்வையும் நிறைக்கும் மகளிர் மன்றத் தாய்மார்களே! முழங்காலில் மணி கட்டிக்கொண்டு, நான் மூச்சு விட்டாலே ஆடத் தொடங்கிவிடும் ஆட்டக்காரத் தோழர்களே! சட்டியும் கரண்டியுமாய் வந்து, என் பேச்சு முடியுமா முடியாதா என்று என்னையே முறைத்துப் பார்க்கும் குழந்தைச் செல்வங்களே! உங்கள் அனைவருக்கும் 'மூன்று சால்மன்' மதுவிடுதியை நடத்தும் இந்த நெஸ்டாவின் நெஞ்சார்ந்த வணக்கம்.

இன்று நம் ஆப்பிள் மரத்துக்கு வாழ்த்துப் பாடும் நாள். இன்னும் சற்று நேரத்தில், வெளிச்சம் போவதற்குள், நாம் எல்லோரும் ஊர்வலமாகப் போகப்போகிறோம். சைடரில், நம் ஆப்பிள் மதுவில், நனைத்த சுட்ட ரொட்டியைக் கிளையில் வைக்கப்போகிறோம். வேரில் சைடர் ஊற்றப்போகிறோம். சட்டியைத் தட்டிக் கெட்டதை விரட்டி, பாட்டுப் பாடி நல்லதை எழுப்பப்போகிறோம். அதற்கு முன்னால் நன்றியுரை சொல்லத்தான் தலைவி என்னை அழைத்தார். நன்றி சொல்லத்தான் வந்திருக்கிறேன். ஆனால் யாருக்கு நன்றி? அதுதான் இன்றைக்கு என் கேள்வி.

என்ன லென்னி? "சைடர் ஆறுது நெஸ்டா!" என்கிறாயா? ஆறட்டுமய்யா! ஆறிப்போச்சுன்னு நீ சைடரைத் திருப்பிக் கொடுத்ததை நானும் பார்த்ததில்லை, என் அம்மாவும் பார்த்ததில்லை. உட்கார்.

மேசையின் நடுவிலே ஒரு தட்டு இருக்கிறது, பார்த்தீர்களா? அதில் இருப்பது என்ன? அரக்குச் சிவப்பா? இல்லை. பளபளப்பா? இல்லை. பச்சையும் இல்லாமல் பழுப்பும் இல்லாமல், சொரசொரவென்று, அடுப்பில் சுட்டு மறந்துபோன உருளைக்கிழங்கு போல உட்கார்ந்திருக்கிறதே, அதுதான் ஆஷ்மீட்ஸ் கெர்னல்! நம் குளோஸ்டர் மண்ணில் பிறந்த ஆப்பிள் பழம். நம் பாட்டன் பூட்டன் பல்லால் பதம் பார்த்த பழம். அழகுப் போட்டியில் கடைசியாய் நிற்கும். அமுதுப் போட்டியில் அதற்குப் பக்கத்தில் நிற்க ஆள் கிடையாது. ஒரு துண்டு ஆஷ்மீட், ஒரு துண்டு பாலாடைக்கட்டி, ஜன்னலுக்கு வெளியே ஜனவரி மழை. இதைவிட ஒரு மனிதனுக்கு என்னய்யா வேண்டும்?

ஆனால் அது சும்மா வந்துவிடுமா? குளிரிலே விரல் மரக்கக் கிளை கழிக்க வேண்டும். ஜூன் மாதத்தில் கொத்துக்கு ஒரு பிஞ்சை விட்டுவிட்டு, மற்றதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு கிள்ளி எறிய வேண்டும். அக்டோபரில் காயைப் பிடித்து இழுக்கக் கூடாது. உள்ளங்கையில் ஏந்தி மெல்லச் சாய்க்க வேண்டும், காம்போடு கழன்று வந்தால் வரட்டும், வராவிட்டால் வணக்கம் சொல்லிவிட்டு மறுநாள் வரவேண்டும். அப்புறம் பரணிலே வைக்கோல் பரப்பி, ஒன்றை ஒன்று தொடாமல் அடுக்கி, கிறிஸ்துமஸ் கழியும்வரை காத்திருக்க வேண்டும். பறித்த அன்றைக்குக் கடித்தால் பல்தான் போகும்.

நம் ஊருக்குப் புதிதாய்க் குடிவந்த லண்டன்காரர் ஒருவர் கடித்தார். பெயர் சொல்லமாட்டேன், மூன்றாவது வரிசையில் சிவப்புக் கழுத்துத்துணியோடு சிரித்துக்கொண்டிருக்கிறார். அக்டோபரில் மரத்தடியில் நின்று கடித்துவிட்டு, "என்னங்க இது, ஆப்பிளா செங்கல்லா?" என்றார். மரத்துக்குச் சொந்தக்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "பழத்துக்கு ஒரு குறையும் இல்ல. உங்களுக்குத்தான் அவசரம். ஜனவரியில வாங்க" என்றார். அவரும் வந்தார். தின்றார். அடுத்த ஜனவரிக்கும் வந்தார். இப்போது எங்கள் ஊர்க்காரராகவே ஆகிவிட்டார்.

அந்தச் சொந்தக்காரர் யார்? வேறு யார்! முப்பது ஆண்டுகள் மருத்துவமனை மேட்ரனாக, தலைமைச் செவிலியாக நின்று, டாக்டர்களையே நகத்தைக் காட்டச் சொல்லி மிரட்டிய தெல்மா ட்ராட்மன் அம்மையார்தான்! ஆற்றங்கரையில் கடைசியாய் நிற்கும் இரண்டு வீடுகளில் ஒன்று அவருடையது. சுற்றிலும் ஆட்டு மேய்ச்சல். வீட்டுக்குப் பின்னே அந்த ஒற்றை ஆஷ்மீட் மரம். ஒவ்வொரு ஜனவரியிலும், ஊரில் யார் படுக்கையில் கிடந்தாலும், கோட்டுப் பையில் ஒரு பழத்தைப் போட்டுக்கொண்டு வந்து நிற்பாரே! எனக்கு நெஞ்சுச் சளி கட்டிக் கிடந்தபோது வந்தார். "வாயைத் திற" என்றார். திறந்தேன். மருந்து என்று நினைத்தேன். ஆப்பிள்! இந்த மன்றத்தில் அவர் கையால் ஒரு துண்டு தின்னாதவர் உண்டா? உண்டென்றால் எழுந்து நில்லுங்கள், பார்ப்போம். ஒருவரும் இல்லை.

சரி, இரண்டு வீடுகள் என்றேன். இன்னொன்று யாருடையது? கால்வாய்ப் பாலக்காரர் டெஸ்மண்ட் பெக்லருடையது. படகு வந்தால் பாலத்தைத் திருப்பி, படகு போனால் மறுபடி திருப்பி, பேசுவதற்கு நேரமே இல்லாமல் வாழ்ந்து, இப்போது நேரம் இருந்தும் பேசாமல் வாழ்கிற மனிதர். அவர் வேலியில் ஒரு காட்டு ஆப்பிள் மரம் நின்றது. யாரும் நட்டதில்லை, பறவை போட்ட விதையோ, பாட்டன் துப்பிய விதையோ! முள்ளும் முடிச்சுமாய் வளைந்து நின்றது. கோலிக்குண்டு அளவுக் காய். கடித்தால் காதுவரை கூசும். டெஸ்மண்ட் மட்டும் அதைப் பொறுக்கிக் காய்ச்சிச் செக்கச்செவேலென்று ஜெல்லி செய்வார். பன்றி இறைச்சிக்குத் தொட்டுக்கொள்ள இந்த விருந்துக்குக் கொண்டுவருவார். மேசைக் கோடியில் சத்தமில்லாமல் வைத்துவிட்டுப் போய்விடுவார். நாமும் வழித்துத் தின்போம். நன்றி சொன்னோமா? நானும் சொன்னதில்லை.

இனி நான் சொல்லப்போவதை மேடையில் சொல்லலாமா என்று சிலர் நெளிகிறீர்கள். தலைவி அம்மையார்கூடத் தண்ணீர் குடிக்கிறார். அன்பர்களே, இது ஊர் முழுக்கத் தெரிந்த கதை. ஊருக்குத் தெரியாது என்று பாவனை செய்வது அந்த இரண்டு வீடுகள் மட்டும்தான். இருவரும் இதோ இருக்கிறார்கள். ஒருவர் ஜன்னலோரம், ஒருவர் கதவோரம். நடுவிலே நாம் எல்லோரும் இருக்கிறோம். நான் இருவரையும் நேசிக்கிறேன். அதனால் சொல்கிறேன்.

ஓர் இலையுதிர்காலத்தில் தெல்மா அம்மையாருக்கு ஒரு பயம் வந்தது. காட்டு மரத்தின் இலையில் கறுப்புப் புள்ளி! மேட்ரன் கண்ணல்லவா, விடுமா? நோய் வேலி தாண்டி வந்துவிடும், அந்தப் புளிப்பு தன் பழத்தில் ஏறிவிடும் என்று முடிவு கட்டிவிட்டார். நேரே வேலிக்குப் போனார்.

"டெஸ்மண்ட், அந்தப் புளிப்புச் சனியனை வெட்டிடுங்க. என் மரத்தைக் கெடுக்குது."

"அது பாட்டுக்கு நிக்குது, தெல்மா. யாரை என்ன செஞ்சுது?"

"வேலியில நிக்கிறதெல்லாம் மரமாயிடுமா? வார்டுல ஒருத்தனுக்குத் தொத்துநோய்னா பக்கத்துக் கட்டில்லயா படுக்க வைப்பேன்? உங்க ஜெல்லிக்கு நான் கடையில வாங்கித் தரேன், போதுமா?"

டெஸ்மண்ட் என்ன செய்தார்? பக்கத்து வீட்டம்மா ராத்தூக்கம் இல்லாமல் தவிக்கிறார் என்பதற்காக, அந்த வாரமே வெட்டிவிட்டார். வெட்டிய கட்டையை அடுப்பில்கூடப் போடவில்லை. கொட்டகைச் சுவரோரம் அடுக்கி வைத்திருக்கிறார். நான் பார்த்தேன். கேட்டேன். "காயட்டும்" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த வசந்தம் வந்தது. ஆஷ்மீட் பூத்தது. எப்படிப் பூத்தது! கிளை தெரியாமல், இலை தெரியாமல், வெள்ளையும் ரோஜாவுமாய்! கோடை வந்தது. காய் வந்ததா? வரவில்லை. "உறைபனி தாக்கிடுச்சு" என்றார் தெல்மா. அதற்கடுத்த வசந்தம். மறுபடி பூத்தது. மறுபடி கோடை. காய் வந்ததா? வரவில்லை! "தேனீயெல்லாம் சோம்பேறியாயிடுச்சு" என்றார். அந்த ஜனவரி விருந்தில் இந்தத் தட்டு வெறுமையாய் இருந்ததே, நினைவிருக்கிறதா? மேசைக் கோடியில் ஜெல்லியும் இல்லை, நடுவிலே ஆப்பிளும் இல்லை. அம்மையார் தன் கேக்கைத் தொடாமல் எழுந்து போனார். நோயாளி வீட்டுக்கு வெறுங்கையோடு போக வெட்கப்பட்டு, போவதையே நிறுத்திவிட்டார். கடைசியில், "மரத்துக்கு வயசாச்சு. கஷ்டப்படுறதைப் பார்த்துக்கிட்டிருக்க முடியாது" என்று ரம்பக்காரரை வரச்சொல்லிவிட்டார்.

சேதி கேட்டு நான் ஓடினேன். போன மே மாதம், அன்று காலை. மரம் முழுக்கப் பூ. ரம்பக்காரர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "பூத்து நிக்கிற மரத்துல எப்படிங்க கை வைக்கிறது?" என்று தவிக்கிறார். தெல்மா அழவில்லை, மேட்ரன்கள் அழமாட்டார்கள். அப்போது வேலிப் பக்கம் ஒரு சத்தம். பார்த்தால், டெஸ்மண்ட்! கையிலே ஒரு தண்ணீர் வாளி. வாளி நிறையக் காட்டு ஆப்பிள் பூங்கிளை! கால்வாய்க் கரையோரம் நடந்துபோய், எங்கேயோ நின்ற மரத்தில் வெட்டிக்கொண்டு வந்திருக்கிறார்.

"இதை நடுக்கிளையில தொங்க விடுங்க" என்றார்.

"என்னது இது?"

"நீங்க வெட்டச் சொன்னதோட உறவுக்காரன். உங்க ஆஷ்மீட் தன் பூவுலயே தான் காய்க்காது, தெல்மா. வேற இனத்துப் பூவோட மகரந்தத்தைத் தேனீ கொண்டுவரணும். நாம இருக்கிறது ஊர்க் கோடி, பக்கத்துல வேற ஆப்பிளே கிடையாது. இத்தனை வருஷமா மாப்பிள்ளை என் வேலியிலதான் நின்னான். அவனைத் துரத்திட்டு நீங்க வருஷா வருஷம் பந்தல் போட்டுக் காத்திருக்கீங்க."

ரம்பக்காரர் சிரித்துவிட்டார். தெல்மா சிரிக்கவில்லை. முகம் வெளுத்துப்போனது.

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கலையே. வெட்டுன்னீங்க, வெட்டினேன். அப்புறம் சொன்னா, குத்திக் காட்டுறான்னு நினைப்பீங்க."

"ரெண்டு வருஷம் என்னைப் பைத்தியக்காரி மாதிரி மரத்தைச் சுத்த விட்டுட்டு, வாளி தூக்கிட்டு வரீங்களா?"

வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினார் பாருங்கள், தேனீக்கள்கூடத் திடுக்கிட்டன. டெஸ்மண்ட் வாளியைத் தானே கிளையில் கட்டிவிட்டு, வந்த வழியே போய்விட்டார். ரம்பம் வண்டியிலேயே திரும்பியது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் ஹெம்புரூக்! அன்று மாலைக்குள் ஊருக்கே சேதி போய்விட்டது. யார் சொன்னது என்று கேட்கிறீர்களா? மதுவிடுதி நடத்துகிறவளிடம் இதெல்லாம் கேட்கலாமா? மறுநாள் காலை ஆளுக்கொரு ஆப்பிள் பூங்கிளையோடு வந்துவிட்டீர்கள். பால்காரர் பால் கேனில் கொண்டுவந்தார். க்ளட்டர்பக் அம்மையார் வெள்ளி ஐஸ் வாளியில் கொண்டுவந்தார். போதகர் ஞானஸ்நானக் குடத்தையே தூக்கிக்கொண்டு வந்தார், ஆண்டவர் மன்னிப்பாராம். லென்னி, நீ எதில் கொண்டுவந்தாய் என்று தாய்மார்கள் முன்னால் சொல்லட்டுமா? வேண்டாமா? சரி, கட்டிலுக்கு அடியில் வைக்கும் பாத்திரம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். மரம் முழுக்க வாளியும் குடமும் தொங்க, தேனீ இரைச்சலிலே தோட்டமே அதிர்ந்தது. அம்மையார் கதவைத் திறக்கவில்லை. ஆனால் மாடி ஜன்னல் திரை அசைந்ததை நான் பார்த்தேன்.

அதன் பலன்தான் இந்தத் தட்டு! இதோ, நம் கண்முன்னே! இரண்டு கோடை வெறுமைக்குப் பிறகு, நடுக்கிளை ஒடிகிற அளவுக்குக் காய்த்தது. பறித்தோம், பரணில் அடுக்கினோம், காத்திருந்தோம், கொண்டுவந்தோம். நல்லது. இத்துடன் கைதட்டிவிட்டு மரத்தடிக்குப் போய்விடலாமா?

போக முடியாது, அன்பர்களே. ஏனென்றால் அன்றுமுதல் அந்த இரண்டு வீடுகளும் பேசவில்லை. ஒருவர் வாசலில் நின்றால் மற்றவர் கொல்லைக்குப் போகிறார். அது மட்டுமா? வெட்டிய காட்டு மரத்தின் அடிக்கட்டை இன்னும் வேலியில் இருக்கிறது. அதைத் தோண்டியெடுக்கத் திங்கட்கிழமை இயந்திரம் வருகிறது. டெஸ்மண்டே என் மதுவிடுதியில் சொன்னார். "யாருக்கு வேணும் அது, நெஸ்டா? தோண்டிட்டு இன்னொரு கொட்டகை போட்டுடறேன்" என்றார். சொல்லிவிட்டுக் கோப்பையை முடிக்காமலே எழுந்து போனார். எனக்கு மனசு கேட்கவில்லை. மறுநாள் போய் அந்தக் கட்டையைப் பார்த்தேன். என்ன பார்த்தேன் தெரியுமா? துளிர்! செத்தது என்று நினைத்த கட்டையின் பக்கவாட்டில், என் இடுப்பு உயரத்துக்குத் துளிர்கள்! பொறுத்திருந்தால் இன்னும் சில வசந்தங்களில் பூக்கும். திங்கட்கிழமை தோண்டிவிட்டால்? பிறகு ஆண்டுதோறும் நாம் வாளி தூக்குவோமா? போன ஆண்டு தூக்கினோம், வேடிக்கையாய் இருந்தது. பத்தாம் ஆண்டும் தூக்குவோமா? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள். ஒரு மழை பெய்தால் நாம் வீட்டை விட்டு வரமாட்டோம். நம்மை எனக்குத் தெரியும்.

நான் கேட்கிறேன். இனிப்பை நாம் தின்றோம். இனிப்புக்கு நாம் பாடினோம். இனிப்பின் வேரில் சைடர் ஊற்றினோம். அந்த இனிப்புக்குப் பூ கொடுத்த புளிப்புக்கு என்ன செய்தோம்? ஒரு துளி ஊற்றினோமா? ஒரு வரி பாடினோமா? பெயரில்லாமல் நின்றது, பேசாமல் கொடுத்தது, பிழை செய்யாமலே வெட்டப்பட்டது. அதன்மேல் கோடரி போட்டவர் கெட்டவரா? இல்லை. போடச் சொன்னவர் கெட்டவரா? ஐயோ, இல்லவே இல்லை! தன் மரத்தின்மேல் உயிரையே வைத்திருந்ததால் பயந்தார். நாம் யார் பயப்படாதவர்கள்? தெல்மா அம்மையாரே, உங்கள்மேல் இந்த ஊரில் ஒருவருக்கும் கோபம் இல்லை. டெஸ்மண்ட் அவர்களே, உங்கள் ஜெல்லி இல்லாத பன்றி இறைச்சி எங்கள் தொண்டையில் இறங்கவில்லை. ஆகவே தலைவி அம்மையார் அனுமதியோடு ஒன்று வேண்டுகிறேன். இன்று நாம் முதலில் ஆஷ்மீட்டிடம் போகவேண்டாம். வேலியில் துளிர்த்து நிற்கும் அந்தக் கட்டைக்குப் போவோம். முதல் ரொட்டி அதற்கு! முதல் சைடர் அதற்கு! முதல் வாழ்த்து அதற்கு!

கைதட்டலுக்கு நன்றி. கொஞ்சம் பொறுங்கள். பொறுங்கள்! ஜன்னலோரம் தெல்மா அம்மையார் எழுந்துவிட்டார். தட்டிலிருந்து ஒரு பழத்தை எடுத்துக்கொண்டார். எங்கே போகிறார்? வழி விடுங்கள், பிள்ளைகளே, சட்டியை ஓரம் வையுங்கள். கதவோரம் போகிறார். டெஸ்மண்டுக்கு முன்னால் நிற்கிறார். ஏதோ பேசுகிறார். பின்வரிசைக்குக் கேட்கவில்லையா? எனக்குக் கேட்கிறது, நான் அப்படியே சொல்கிறேன்.

"டெஸ்மண்ட், நேத்து நீங்க சந்தைக்குப் போயிருந்தப்ப உங்க வேலிக்குள்ள வந்தேன். சொல்லாம வந்ததுக்கு மன்னிச்சுக்குங்க. அந்தத் துளிரை முயல் கடிச்சிட்டு இருந்துது. சுத்திக் கம்பிவலை கட்டிட்டேன்."

அடடா! நான் இங்கே தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்கிறேன், அவர் நேற்றே கட்டிவிட்டாரா! டெஸ்மண்ட், ஏதாவது சொல்லுமய்யா! சொல்கிறார், சொல்கிறார்:

"எவ்வளவு உயரம் கட்டுனீங்க?"

"முழங்கால் அளவு."

"பத்தாது, தெல்மா. ஆடு எட்டிக் கடிச்சிடும். திங்கட்கிழமை நான் கம்பு நட்டு உயர்த்திக் கட்டறேன். நீங்க வந்து வலையைப் பிடிச்சுக்குங்க."

கேட்டீர்களா? திங்கட்கிழமைக்கு வேறு வேலை வந்துவிட்டது! பழத்தை வாங்கிக்கொண்டார், சட்டையில் துடைக்கிறார். கடித்துவிட்டார்! எனக்குக் கண் கலங்குகிறது. போதகரே, உங்கள் கைக்குட்டையைக் கொடுங்கள், தலைவி தன்னுடையதைத் தானே வைத்துக்கொண்டுவிட்டார்.

இதற்குமேல் நான் பேசினால் லென்னிக்கும் சைடருக்கும் ஆகாது. பொறுமையோடு கேட்ட பெரியோர்களுக்கும், பூவோடும் பாத்திரத்தோடும் ஓடிவந்த தாய்மார்களுக்கும், மேடை தந்த தலைவி அம்மையாருக்கும், பூத்த மரத்தில் கை வைக்க மறுத்த அந்த ரம்பக்காரருக்கும், மனமார, வாயார நன்றி. பிள்ளைகளே, இப்போது தட்டுங்கள் சட்டியை! ஆட்டக்காரர்களே, முன்னே நடங்கள். தெல்மாவும் டெஸ்மண்டும் ரொட்டித் தட்டை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொள்ளட்டும். போகும் வழி தெரியுமல்லவா? நேரே வேலிக்கு! எல்லோருக்கும் வணக்கம்.